ஆற்றுக் கல்லடியில் ஒரு குடும்பம்: 'பேட்டிடே' ஒருநாள் பூச்சிகளை அறிந்துகொள்வோம்



நம்ம மலைகளில் ஓடை இல்லாத தோட்டம் இல்லை. குளிப்பது, துணி துவைப்பது எல்லாம் பெரும்பாலும் அங்கேதான். பல லயங்களுக்குக் குடிதண்ணியும் மேலே உள்ள ஊற்றிலிருந்தோ ஓடையிலிருந்தோ பீலி வழியாக, குழாய் வழியாக வந்து சேருகிறது. அந்தத் தண்ணி நல்லாயிருக்கா, கெட்டுப்போச்சா என்று நமக்கு யார் சொல்வது? போத்தலில் எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பலாம். ஆனால் அது தினமும் நடக்கிற காரியமில்லை. அப்படி அனுப்பினாலும் தண்ணி எடுத்த அந்த நேரத்து நிலைமைதான் தெரியும். நேற்று ராத்திரி யாரோ மருந்து டாங்கியைக் கழுவி விட்டுப் போயிருந்தால் அது தெரியாமலே போகலாம்.

ஆனால் இரவும் பகலும் அந்தத் தண்ணிக்குள்ளேயே கிடந்து, நல்லது கெட்டது அத்தனையையும் உடம்பில் வாங்கிக்கொள்ளும் சின்னஞ்சிறு பூச்சிகள் இருக்கின்றன. ஆற்றுக் கல்லைப் புரட்டினால் அடியில் சரசரவென்று ஓடும். அவற்றில் ஒரு குடும்பத்தைப் பற்றித்தான் இந்த இதழில் பார்க்கப்போகிறோம். அதன் பெயர் 'பேட்டிடே'. பெயர் புதிது. ஆள் நமக்குப் பழகினவர்தான்.

ஈசல் வேறு, இது வேறு

ஆங்கிலத்தில் 'மேஃப்ளை' என்று சொல்லும் பூச்சியைத் தமிழில் 'ஒருநாள் பூச்சி' என்று எழுதுகிறோம். சாயங்கால நேரத்தில் ஓடைக்கு மேலே கூட்டமாக ஏறி இறங்கிப் பறக்கும். ராத்திரியில் விளக்கு வெளிச்சத்துக்கும் வந்து விழும். "ஈசல்தானே இது, அம்மாயி?" என்று புள்ளைகள் கேட்கலாம். ஈசல் என்பது இறக்கை முளைத்த கறையான். மழை பெய்ததும் மண்ணுக்குள்ளே இருந்து கிளம்பும். அதற்கு நாலு இறக்கையும் ஒரே அளவு. உட்காரும்போது இறக்கைகளை முதுகின் மேல் தட்டையாகப் படுக்க வைத்துக்கொள்ளும்.

ஒருநாள் பூச்சி தண்ணிக்குள்ளே இருந்து வருவது. உட்கார்ந்தால் இறக்கைகளைக் கைகூப்புவதுபோல மேலே நிமிர்த்தி வைத்துக்கொள்ளும். முதுகின் மேல் மடித்துப் படுக்க வைக்க அதனால் முடியாது. பின்னால் நூல் போன்ற நீண்ட வால்கள் இரண்டோ மூன்றோ இருக்கும். இந்த இரண்டையும் பார்த்தாலே ஈசல் இல்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

காம்பரா வரைக்கும் ஒரு முகவரி

நமக்கு வரும் கடிதத்தில் தோட்டத்தின் பெயரை மட்டும் எழுதினால் போதாது. டிவிஷன், லயம், காம்பரா எல்லாம் எழுத வேண்டும். இல்லையென்றால் கடிதம் ஆபீசிலேயே கிடக்கும். உலகத்தில் உள்ள இலட்சக்கணக்கான உயிர்களுக்கும் விஞ்ஞானிகள் இப்படி ஒரு முகவரி எழுதி வைத்திருக்கிறார்கள். இதற்குத்தான் 'பாகுபாடு' என்று பாடசாலைப் புத்தகத்தில் பெயர். இராச்சியம், கணம், வகுப்பு, வருணம், குடும்பம், சாதி, இனம் என்று மேலிருந்து கீழே வரும். (இங்கே சொல்லும் 'சாதி'க்கும் மனுசர் பிரித்து வைத்த சாதிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.)

நம்ம பூச்சியின் முகவரி இதுதான்:

இராச்சியம்: விலங்குகள்.
கணம்: ஆர்த்ரோபோடா. அதாவது மூட்டுள்ள கால்களும் வெளியே ஓடும் உடையவை.
வகுப்பு: இன்செக்டா. ஆறு கால் பூச்சிகள்.
வருணம்: எபெமெரொப்டெரா. எல்லா ஒருநாள் பூச்சிகளும் இதில் அடங்கும்.
குடும்பம்: பேட்டிடே.

'எபெமெரொப்டெரா' என்பது கிரேக்கச் சொற்களால் ஆனது. ஒரு நாள் வாழும் இறக்கைக்காரர் என்று பொருள். இந்த வருணத்தை ஒரு பெரிய தோட்டம் என்று வைத்துக்கொண்டால், அதில் 40க்கும் மேற்பட்ட குடும்பங்கள், அதாவது டிவிஷன்கள் உண்டு. உலகம் முழுவதும் 3,500க்கும் அதிகமான இனங்கள். அந்த டிவிஷன்களில் ஆள் தொகை கூடியது பேட்டிடேதான். இந்த ஒரு குடும்பத்தில் மட்டும் 1,000க்கும் மேற்பட்ட இனங்கள் அறியப்பட்டிருக்கின்றன. விலங்குக் குடும்பங்களின் பெயர்கள் 'இடே' என்று முடியும் என்பதையும் புள்ளைகள் நினைவில் வைத்துக்கொள்ளலாம். இந்தக் குடும்பத்துக்கு அடிப்படையான 'பேட்டிஸ்' என்னும் சாதிக்கு 1815ஆம் ஆண்டில் லீச் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி பெயர் வைத்தார். 'க்ளோயன்' என்ற சாதிக்கும் அதே ஆண்டில் அவரே பெயர் வைத்தார்.

நம்ம மலைக்கும் இந்தக் கதையில் இடமுண்டு

இது வெள்ளைக்காரன் நாட்டுப் பூச்சி என்று நினைத்துவிட வேண்டாம். தேயிலைக்கு முன்னே இந்த மலைகளில் கோப்பி இருந்தது நமக்குத் தெரியும். அந்தக் காலத்தில் ரம்பொடைப் பக்கம் கோப்பித் தோட்டத்தில் இருந்த நீட்னர் என்ற ஜெர்மன்காரர் பூச்சிகளைச் சேகரித்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார். அவற்றை ஆராய்ந்து ஹாகன் என்ற விஞ்ஞானி 1858இல் எழுதிய கட்டுரையில் இலங்கையின் ஒருநாள் பூச்சிகளும் இடம்பெற்றன.

அதற்கு நூறு வருசத்துக்கும் பிறகு, 1970இல், ஆஸ்திரிய-இலங்கைக் கூட்டு ஆய்வுக்குழு ஒன்று நமது மலை ஓடைகளில் இறங்கி நீர்வாழ் உயிர்களைச் சேகரித்தது. வியன்னாவின் ஸ்டார்மூல்னரும் களனியின் கொஸ்தாவும் அந்த வேலையில் முன்நின்றவர்கள். பின்னர் ஜெர்மனியைச் சேர்ந்த மியூலர்-லீபனௌ என்ற பெண் விஞ்ஞானி இலங்கையின் பேட்டிடே குடும்பத்தைத் தனியாக ஆராய்ந்தார். 1982இல் மொரிஹரா என்பவருடன் சேர்ந்து, இலங்கைப் பூச்சிகளை வைத்தே 'இண்டோபேட்டிஸ்' என்ற புதிய சாதியை அறிமுகப்படுத்தினார். அதில் இரண்டு புதிய இனங்கள். ஒன்றுக்குக் கொஸ்தாவின் பெயர், மற்றதற்கு ஸ்டார்மூல்னரின் பெயர். நம்ம ஓடைக் கல்லடியில் கிடந்த ஒரு பூச்சி உலக விஞ்ஞானப் புத்தகத்தில் ஏறியது இப்படித்தான்.

தண்ணிக்குள்ளே இருக்கும்போது

இந்தப் பூச்சியின் வாழ்நாளில் பெரும்பகுதி தண்ணிக்குள்ளேதான் கழியும். இளம்பூச்சியை அடையாளம் காண இந்தக் குறிகளைப் பாருங்கள். கையில் ஒரு பூதக்கண்ணாடி இருந்தால் இன்னும் நல்லது.

1. அளவும் வடிவும்: பெரும்பாலும் ஒரு நெல்மணி அளவு. சில அதைவிடச் சின்னது. உடம்பு உருண்டு நீண்டு, தலைப்பக்கம் பருத்து, வால்பக்கம் ஒடுங்கி, சின்ன மீன்குஞ்சு மாதிரி இருக்கும். ஆங்கிலத்திலும் இதற்கு மீன்குஞ்சுப் பெயர்தான் வைத்திருக்கிறார்கள்.

2. நீச்சல்: கல்லை எடுத்ததும் உடம்பை மேலும் கீழுமாக ஆட்டி அம்புபோலப் பாயும். கொஞ்ச தூரம் பாய்ந்து, சட்டென்று நின்று, திரும்பவும் பாயும். இந்தப் பாய்ச்சலைப் பார்த்தே பழகினவர்கள் 'இது பேட்டிடே' என்று சொல்லிவிடுவார்கள்.

3. உணர்கொம்பு: தலையில் உள்ள இரண்டு கொம்புகளும் நீளமானவை. பெரும்பாலும் தலையின் அகலத்தைப்போல இரண்டு மடங்குக்கும் அதிகம்.

4. தலை: முகம் கீழ்நோக்கி இருக்கும். கண்கள் இரண்டு பக்கங்களிலும் இருக்கும். மேலுதட்டின் முன் விளிம்பில் நடுவிலே ஒரு சின்ன வெட்டு இருக்கும். இது பூதக்கண்ணாடிக்குத்தான் தெரியும்.

5. பூ (மூச்சுச் செதில்): மீனுக்கு இருப்பதுபோல இதற்கும் மூச்சு விடப் பூ உண்டு. ஆனால் அது தலையில் இல்லை. வயிற்றின் இரண்டு பக்கமும், பெரும்பாலும் முதல் ஏழு வளையங்களில், சின்னச் சின்ன இலைகள் ஒட்டினதுபோல இருக்கும். பேட்டிஸ் சாதியில் ஓரிடத்தில் ஓர் இலை. க்ளோயன் சாதியில் பல இடங்களில் இரட்டை இலை.

6. வால்: மூன்று வால்கள். சில இனங்களில் நடுவால் குட்டையாகவோ இல்லாமலோ இருக்கும்.

7. கால் நகம்: ஒவ்வொரு காலின் நுனியிலும் ஒரே ஒரு நகம்.

இந்த ஏழாவது குறியை மறக்க வேண்டாம். ஓடையில் 'கல்பூச்சி' என்று இன்னொரு கூட்டமும் உண்டு. அதற்கு வால் இரண்டுதான். ஆனால் நடுவால் இல்லாத பேட்டிடேக்கும் இரண்டு வால் இருக்குமே, எப்படிப் பிரிப்பது? கல்பூச்சியின் காலில் இரண்டு நகம் இருக்கும், வயிற்றோரத்தில் இலை போன்ற பூ இருக்காது. அதே மாதிரி ஊசித்தட்டான் குஞ்சின் பின்பக்கத்திலும் மூன்று இருக்கும். ஆனால் அவை நூல்போல இல்லாமல் இலைபோலத் தட்டையாக இருக்கும்.

கல்லில் படிந்த பாசியைச் சுரண்டியும், ஓடி வரும் மக்கிய துகள்களைப் பொறுக்கியும் இது வயிறு வளர்க்கிறது. பல தடவை தோல் உரித்து வளரும். முதுகில் உள்ள இறக்கைப் பைகள் கறுத்துவிட்டால் வெளியே வரும் நாள் நெருங்கிவிட்டது என்று அர்த்தம்.

இறக்கை முளைத்த பிறகு

தண்ணி மட்டத்துக்கு வந்து தோலை உரித்துக்கொண்டு இறக்கையோடு கிளம்பும். ஆனால் இன்னும் முழுப் பூச்சியாகவில்லை. இறக்கை மங்கலாகப் புகை படிந்ததுபோல இருக்கும். ஓர் இலையிலோ சுவரிலோ உட்கார்ந்திருந்து இன்னொரு தடவை தோல் உரிக்கும். அதன் பிறகுதான் கண்ணாடி போலப் பளபளக்கும் இறக்கை. பறக்கிற இறக்கை முளைத்த பிறகும் தோல் உரிக்கும் பூச்சிகள் உலகத்திலேயே ஒருநாள் பூச்சிகள் மட்டும்தான்.

பேட்டிடே குடும்பத்தின் வளர்ந்த பூச்சியைப் பிரித்தறிய நாலு குறிகள்:

முதலாவது, கண். ஆண் பூச்சிக்குத் தலையின் பக்கங்களில் உள்ள சாதாரணக் கண்ணோடு, தலைக்கு மேலே பம்பரத்தை நட்டு வைத்தது மாதிரி இன்னும் ஒரு சோடி கண் எழும்பி நிற்கும். செம்மஞ்சள், சிவப்பு, மண்நிறம் என்று இனத்துக்கு இனம் நிறம் மாறும். கூட்டமாகப் பறக்கும்போது மேலே வரும் பெண்பூச்சியை வானத்தின் வெளிச்சத்தில் கண்டுபிடிக்கத்தான் இந்தக் கண். பெண்ணுக்குப் பம்பரக் கண் இல்லை.

இரண்டாவது, பின்னிறக்கை. முன்னிறக்கை பெரிதாக இருக்கும். பின்னிறக்கை மிகச் சின்னது, அல்லது இருக்கவே இருக்காது. க்ளோயனுக்குப் பின்னிறக்கை கிடையாது.

மூன்றாவது, நரம்பு. முன்னிறக்கையின் வெளி ஓரத்தில், நீண்ட நரம்புகளுக்கு நடுவே, எதோடும் சேராத குட்டை நரம்புகள் இருக்கும். பேட்டிஸில் அவை சோடி சோடியாக, க்ளோயனில் ஒற்றை ஒற்றையாக இருக்கும்.

நாலாவது, வால். தண்ணிக்குள்ளே மூன்று வால் இருந்தாலும் வளர்ந்த பேட்டிடேக்கு இரண்டே வால்.

வளர்ந்த பூச்சிக்குச் சாப்பிட வாய் இல்லை. இருப்பதெல்லாம் சுருங்கிப்போன மிச்சம்தான். அதனால் கடிக்காது, கொட்டாது, தேயிலைக் கொழுந்தையும் தொடாது. சேர்ந்து முட்டையிடுவதற்கு மட்டுமே இந்த வாழ்வு. அநேகமாகச் சில மணி நேரம், அல்லது ஓரிரு நாள். பேட்டிஸ் சாதியில் பல இனங்களின் பெண்பூச்சி இறக்கையை உடம்போடு ஒட்டிக்கொண்டு, கல்லைப் பிடித்துத் தண்ணிக்குள்ளே இறங்கிப் போய் முட்டை ஒட்டிவிட்டு வரும். க்ளோயனில் ஓர் இனம் முட்டையை வயிற்றுக்குள்ளேயே பொரிய வைத்திருந்து தண்ணியில் விடும். அதற்காக அந்தத் தாய் இரண்டு வாரம் வரைக்கும் உயிரோடு காத்திருக்கும்.

குடும்பத்தைப் பிரித்தறிவது எதற்கு?

"பூச்சி இருந்தால் தண்ணி சுத்தம்" என்று சிலர் சொல்வதுண்டு. எந்தக் குடும்பத்துப் பூச்சி என்று பார்க்காமல் அப்படிச் சொல்வது ஆபத்து.

பிரித்தானியாவில் 1970களின் பிற்பகுதியில் ஆறுகளைப் பரிசோதிக்க ஒரு புள்ளி முறையை உருவாக்கினார்கள். அழுக்கைத் தாங்காத குடும்பத்துக்கு அதிக புள்ளி, தாங்கும் குடும்பத்துக்குக் குறைந்த புள்ளி. தட்டை உடம்பும் தலைமேல் கண்ணும் உள்ள 'ஹெப்டஜெனிடே' குடும்பத்துக்கு 10. பூக்கள் கவட்டையாகப் பிரிந்திருக்கும் 'லெப்டோஃப்ளெபிடே'க்கும் 10. சேற்றில் வாழும் 'கேனிடே'க்கு 7. நம்ம பேட்டிடேக்கு 4தான். சேற்றில் நெளியும் சிவப்புப் புழுக்களின் குடும்பத்துக்கு 2, மண்புழு வகைக்கு 1. இது அந்த நாட்டு ஆறுகளுக்கு என்று போட்ட கணக்கு. நம்ம ஓடைக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனால் அதில் ஒரு பாடம் இருக்கிறது. ஒருநாள் பூச்சிகளுக்குள்ளே பேட்டிடே கொஞ்சம் தாங்கும் கூட்டம். லேசான அழுக்கையும் சமாளிக்கும். தண்ணியோடு மிதந்து வந்து காலியான இடத்தில் சீக்கிரம் குடியேறும். வெப்ப நாடுகளில் வருசத்துக்குப் பல தலைமுறை காணும்.

அதனால் கல்லடியில் பார்ப்பதை இப்படிப் புரிந்துகொள்ளலாம். தட்டை உடம்புக்காரர், கவட்டைப் பூக்காரர், கல்பூச்சி, பேட்டிடே எல்லாரும் இருந்தால் ஓடை நல்ல நிலையில் இருக்கிறது. மற்றவர்கள் எல்லாம் போய்ப் பேட்டிடே மட்டும் மிஞ்சியிருந்தால் ஏதோ நடந்திருக்கிறது, கவனிக்க வேண்டும். அதுவும் இல்லாமல் வெறும் சிவப்புப் புழு மட்டும் நெளிந்தால் ஓடை நோயாளியாகிவிட்டது.

பேட்டிடேக்கும் தாங்க முடியாத எதிரி பூச்சிமருந்து. அதிலும் 'பைரித்ராய்ட்' வகை மருந்து தண்ணியில் மிகக் கொஞ்சம் கலந்தாலும் ஒருநாள் பூச்சிகள் செத்து மிதக்கும். மலையில் மண் அரித்து வந்து கல்லுகளை மூடினாலும் ஒளிய இடமில்லாமல் போய்விடும். லயத்துக் கானும் கக்கூஸ் தண்ணியும் ஓடையில் விழுந்தால் தண்ணியில் உள்ள ஒட்சிசன் குறையும்.

நீங்களே பார்க்கலாம்

மழை இல்லாத நாளில் பெரியவர் ஒருவரோடு புள்ளைகள் போகலாம். தனியாகப் போகவேண்டாம். மலையில் மழை இருட்டிக்கொண்டு வந்தால் உடனே கரையேறிவிட வேண்டும். ஒரு வெள்ளைப் பேசினில் கொஞ்சம் ஓடைத் தண்ணி எடுங்கள். லயத்துக்கு மேலே ஓரிடத்தில் கைப்பிடி அளவுக் கல்லு மூன்றைப் பேசினுக்குள் மெதுவாகக் கழுவுங்கள். எத்தனை வகைப் பூச்சி என்று எண்ணுங்கள். பிறகு லயத்துக்குக் கீழே ஓரிடத்திலும் அதேபோலச் செய்யுங்கள். பார்த்து முடிந்ததும் பூச்சியையும் கல்லையும் இருந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். ஒரு கொப்பியில் தேதி போட்டு எழுதி வையுங்கள். மேலே நாலு வகையும் கீழே ஒரு வகையும் இருந்தால், நடுவிலே எது விழுகிறது என்று தேடவேண்டும். பெரிய வெள்ளம் வந்தாலும் பூச்சி அடித்துக்கொண்டு போகும். அதனால்தான் இரண்டு இடத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறோம்.

பூச்சியோ மீன்குஞ்சோ திடீரென்று செத்து மிதந்தால் அந்தத் தண்ணியைக் குடிக்கவேண்டாம், குளிக்கவும் வேண்டாம். பிள்ளைக் காம்பராவுக்கு முதலில் சொல்லுங்கள். பிறகு தோட்ட வைத்தியருக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் அறிவியுங்கள்.

முக்கியமாக ஒன்று

பூச்சி நிறைய இருக்கிறது என்பதற்காகத் தண்ணியை அப்படியே குடித்துவிடக் கூடாது. வயிற்றோட்டம், நெருப்புக் காய்ச்சல், செங்கமாரி ஆகியவற்றைத் தரும் கிருமிகள் பூச்சியை ஒன்றும் செய்வதில்லை. அவை மனுசனைத்தான் பிடிக்கும். ஆகவே எந்தத் தண்ணியானாலும் தளதளவென்று கொதிக்க வைத்து, ஆற வைத்து, மூடி வைத்துத்தான் குடிக்க வேண்டும். அதே நேரம், கொதிக்க வைத்தால் கிருமி சாகுமே தவிர மருந்து நஞ்சு போகாது என்பதையும் மறக்கக் கூடாது. நஞ்சை ஓடையில் விழாமல் தடுப்பது ஒன்றுதான் வழி. மருந்தடிக்கும் சகோதரர்கள் டாங்கியையும் வெற்று டின்னையும் ஓடையிலோ பீலியிலோ கழுவாதிருக்க வேண்டும். கழுவின தண்ணி கானில் இறங்கினாலும் கடைசியில் ஓடைக்குத்தான் வரும்.

நம்ம ஓடை நம்மோடு முடிவதில்லை. கெசல்கமு ஓயாவும் மஸ்கெலியா ஓயாவும் சேர்ந்துதான் களனி கங்கையாகிறது. கொழும்புக்காரர் குடிப்பதும் அந்தத் தண்ணிதான். மலையில் இருக்கும் நாம்தான் அதை முதலில் தொடுகிறோம். கல்லடியில் பம்பரக் கண்ணன் வீட்டுப் புள்ளைகள் துள்ளி ஓடுகிறார்களா என்று மாதம் ஒரு தடவை பார்த்து வாருங்கள். பக்கத்து லயத்துக்கும் சொல்லுங்கள்.